பத்து மீட்டர் போதும்

கொண்டப்பநாயக்கன்பட்டி
25 ஜூலை 2025, வெள்ளி

நாளைக் காலை துப்பாக்கி சுடும் ரேஞ்சில் பயிற்சிக்குச் சேருகிறேன். இரண்டு வாரம், சனியும் ஞாயிறும் வகுப்பு. இந்த வாரம் ஏர் ரைபிளும் ஏர் பிஸ்டலும். அடுத்த வாரம் பாயின்ட் டூ டூ.

போன வருஷம் பாரிஸ் ஒலிம்பிக் நடந்தபோது ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் மைதானத்தில் என்னைச் சூழ்ந்துகொண்டு, "மிஸ், நம்ம ஸ்கூல்ல ஷூட்டிங் வராதா?" என்று கேட்டார்கள். கபடி, கோகோ, நீளம் தாண்டுதல் எல்லாம் என்னால் சொல்லித்தர முடியும். துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. தெரியாத ஒன்றைப் பற்றிப் பிள்ளைகளிடம் முடியும் என்றும் சொல்லக்கூடாது, முடியாது என்றும் சொல்லக்கூடாது. முதலில் நான் கற்றுக்கொள்ள வேண்டும்.

சாயங்காலம் பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "அந்தச் சாமான் நமக்கு எதுக்குக் கண்ணு? கேஸு, கோர்ட்டுன்னு அலைஞ்சவங்கள நான் பாத்திருக்கேன்."

அவர் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. சேர்வராயன் மலை எங்கள் ஊருக்குப் பின்னால்தான் எழும்புகிறது. அப்பாரு காலத்தில் அடிவாரத்துத் தோட்டங்களில் காவலுக்கு நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் உண்டு. குழல் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரைத் திணித்து, இரும்புக் குச்சியால் இடித்து, மேலே பால்ரஸ் குண்டுகளைப் போட்டு அடைப்பார்கள். மருந்து கொஞ்சம் கூடினால் குழலே வெடித்துக் கையைக் கொண்டுபோய்விடும். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் ஜெயில். இன்றைக்கும் கல்வராயன் மலை, பச்சைமலை, சேர்வராயன் மலைக் கிராமங்களில் நாட்டுத் துப்பாக்கியைத் தாமாகவே ஒப்படைக்கச் சொல்லிப் போலீஸ் அறிவிப்பு வருகிறது. எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் துப்பாக்கி என்றாலே வழக்குத்தான். அதை விளையாட்டாகப் பார்க்க இங்கே யாருக்கும் வாய்ப்பு அமையவில்லை.

26 ஜூலை, சனி

மதியம் வரைக்கும் ஒரு குண்டுகூடச் சுட விடவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

பயிற்சியாளர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். குரலை உயர்த்தாமல் பேசுகிறார், ஆனால் ஒரு வார்த்தையைக்கூட இரண்டு விதமாக எடுத்துக்கொள்ள முடியாது. உடன் பயில்கிறவர்களில் என்.சி.சி. கல்லூரி மாணவன், போலீஸ் தேர்வுக்குப் படிக்கும் பெண், வங்கிக் காவலாளி, மகளோடு வந்திருக்கும் ஜவுளிக் கடைக்காரர் என்று பலதரப்பட்டவர்கள்.

முதல் பாடம்: கையில் எடுத்தது எந்தத் துப்பாக்கியானாலும் அதில் குண்டு இருப்பதாகவே நினை. காலி என்று ஆயிரம் பேர் சொன்னாலும் நீயே திறந்து பார். குழலின் வாய் இலக்கைத் தவிர வேறு எங்கும் திரும்பக்கூடாது. குறி அமைகிற வரைக்கும் விரல் விசைக்கு வெளியே, கட்டையோடு ஒட்டி நீண்டிருக்க வேண்டும். சுடாத நேரத்தில் குழலுக்குள் ஆரஞ்சு நிற நூல் செருகி இருக்க வேண்டும். துப்பாக்கி காலி என்பது தூரத்தில் நிற்பவருக்கும் அதைப் பார்த்தே தெரியும். "ஸ்டாப்" என்று யார் கத்தினாலும், அது புதிதாகச் சேர்ந்த சிறுமியாக இருந்தாலும், அத்தனை பேரும் அந்த நொடியே நிறுத்த வேண்டும். இந்த ஒரு விதியை எங்களைக் கொண்டு திரும்பத் திரும்பச் செய்து காட்ட வைத்தார். அந்தச் சிறுமியும் ஒருமுறை கத்தினாள். எல்லாரும் நிறுத்தினோம்.

அடுத்து சட்டம். 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம், 2016-ஆம் வருஷத்து ஆயுத விதிகள். குழலின் துளை 0.177 அங்குலத்துக்கு மேல் போகாமலும், குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டாமலும் இருக்கிற ஏர்கன்னுக்கு உரிமம் வேண்டாம். போட்டிக்குரிய ஏர் ரைபிள் 10 ஜூல் அளவைக்கூட எட்டாது. இதைக் குறித்துக்கொண்டு அடியில் கோடு போட்டேன். எங்கள் பிள்ளைகளுக்கும் இந்த விளையாட்டுக்கும் நடுவில் நிற்பது உரிமம் இல்லை என்பது இன்றைக்குத்தான் தெளிவாகிறது.

சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவினோம். குண்டு ஈயம், விரலில் ஒட்டினால் வயிற்றுக்குப் போகும்.

மதியத்துக்கு மேல் ரைபிள். நின்றுகொண்டு சுடும் நிலை. இடது முழங்கை இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும். எடையை எலும்பு தாங்க வேண்டும், தசை தாங்கக்கூடாது. தசை களைத்தால் நடுங்கும். ரைபிளை ஏந்திக் குறி பார்த்த பிறகு கண்ணை மூடச் சொன்னார். இரண்டு மூச்சு விட்டு, திறக்கச் சொன்னார். குழல் இலக்குக்கு வலப்பக்கம் ஒதுங்கியிருந்தது. கையால் இழுத்து நேராக்கப் போனேன். "கைய வைக்காதீங்க மேடம். பாதத்த நகத்துங்க." பின்காலை ஒரு விரற்கடை நகர்த்தினேன். முன்குறி வளையம் தானாகவே கறுப்பின் மேல் வந்து நின்றது. இழுத்துப் பிடித்த குறி விசையை அழுத்துகிற நேரத்தில் பழைய இடத்துக்கே ஓடிவிடும், உடம்பு தானாக நிற்கிற இடத்தில் அமைந்த குறிதான் நிலைக்கும் என்று விளக்கினார்.

இலக்கு அட்டையை முதலில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கறுப்பு வட்டத்தின் குறுக்களவு 30.5 மில்லிமீட்டர். அதன் நட்டநடுவே பத்துப் புள்ளிக்குரிய இடம் அரை மில்லிமீட்டர். பேனா முனை வைத்தது போல ஒரு வெள்ளைப் பொட்டு. சுடுகிற குண்டே 4.5 மில்லிமீட்டர். தட்டையான தலை என்பதால் காகிதத்தைக் கிழிக்காமல் வட்டமாக வெட்டி எடுக்கிறது. கப்பியில் ஓடி வந்த அட்டையில் என் ஓட்டைகள் எல்லாம் இடப்பக்கம் கீழே நெருங்கிக் கிடந்தன. "நடுவுல விழலைன்னு பாக்காதீங்க. ஒண்ணா விழுந்திருக்கு, அதான் முக்கியம்," என்றார். ஓட்டைகள் ஒரே இடத்தில் சேர்ந்தால் குறித்தகட்டைச் சில க்ளிக் திருப்பி நடுவுக்குக் கொண்டுவந்துவிடலாம். சிதறினால் திருத்த வேண்டியது ஆளை.

27 ஜூலை, ஞாயிறு

இன்றைக்கு ஏர் பிஸ்டல். ரைபிளில் இடுப்பு தாங்கியது. இதில் எதுவும் தாங்காது. ஒரு கையால் மட்டுமே பிடிக்க வேண்டும், மற்றொரு கை பாக்கெட்டில். போட்டி விதிப்படி பிஸ்டல் ஒன்றரைக் கிலோவுக்குள் இருக்க வேண்டும், விசையின் இழுவை 500 கிராமுக்குக் குறையக்கூடாது.

கண் எதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் இன்றைய பாடத்தின் உயிர். பின்குறியின் பிளவுக்குள் முன்குறிக் கட்டை நிற்க வேண்டும்; இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம் தெரிய வேண்டும்; தலைகள் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். கண்ணின் கூர்மை முழுக்க முன்குறியில். இலக்கு மங்கலாகத்தான் தெரியும், மங்கலாகவே விட்டுவிட வேண்டும். குறி கறுப்பின் கீழ்விளிம்பை ஒட்டி மிதந்துகொண்டே இருக்கும், யாருக்கும் அசையாமல் நிற்காது. அசைவு நின்ற பிறகு அழுத்தலாம் என்று காத்திருப்பவர் வெடுக்கென்று இழுப்பார், குண்டு கீழே போகும். அசைந்துகொண்டிருக்கும்போதே விசையை ஒரே சீராக ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.

அதைவிட முக்கியமாக எனக்குப் பட்டது, இறக்கி வைப்பது. மூச்சை விட்டு, அடுத்த மூச்சு வருவதற்கு முந்தைய இடைவெளியில், ஏழெட்டு நொடிக்குள் சுட வேண்டும். அதற்குள் அமையாவிட்டால் துப்பாக்கியைத் தாழ்த்தி, ஓய்வெடுத்து, முதலில் இருந்து தொடங்க வேண்டும். போட்டியில் 60 குண்டுக்கு 75 நிமிஷம் தருகிறார்கள். நேரம் இருக்கிறது, பொறுமை இல்லாதவர்தான் தோற்கிறார். ஜவுளிக்கடைக்காரரின் மகள் திரும்பத் திரும்ப இறக்கி வைத்தாள். அப்பாவுக்கு அவசரம். "சுடு பாப்பா" என்றார். பயிற்சியாளர் அவரைத் தடுத்துவிட்டு அவளிடம், "இறக்குனது ரொம்ப சரிடா கண்ணு" என்றார். அப்புறம் அவள் சுட்டது ஒன்பது. வகுப்பறையில் விடை எழுதிவிட்டுத் தாளை உடனே நீட்டும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடத்தை நான் எங்கே தேடுவேன்?

நாளையோடு மனு பாக்கர் பாரிஸில் வெண்கலம் வென்று ஒரு வருஷம் ஆகிறது. டோக்கியோவில் போட்டியின் நடுவே அவருடைய பிஸ்டல் பழுதானது. நேரம் கரைந்து இறுதிச்சுற்றைத் தவறவிட்டார். மூன்று வருஷம் கழித்து அதே பத்து மீட்டரில் 221.7 புள்ளியோடு மேடையேறினார். என் பள்ளிப் பெண்கள் அந்த முகத்தைத்தான் போனில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

30 ஜூலை, புதன்

பயிற்சியாளர் வீட்டுப் பாடம் கொடுத்திருக்கிறார். தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தோள் உயரத்துக்குத் தூக்கி, சுவரில் ஒட்டிய பொட்டைப் பார்த்துக்கொண்டு பிடித்திருக்க வேண்டும். தினமும் செய்கிறேன். தோளில் வலி இறங்கிவிட்டது.

இன்று பள்ளி விட்ட பிறகு டேப் எடுத்துக்கொண்டு போய்ப் பழைய கட்டிடத்தின் கூடத்தை அளந்தேன். சுடுகிறவர் நிற்கும் இடம், பின்னால் காத்திருப்பவர்கள் இடம் எல்லாம் போகப் பத்து மீட்டர் தாராளமாகக் கிடைக்கிறது. ஒரு பக்கம்தான் கதவு. அதைப் பூட்டிவிட்டால் குறுக்கே யாரும் வர முடியாது. இலக்குக்குப் பின்னால் இரும்புத் தகடும் குண்டு சேரும் பெட்டியும் வேண்டும். கபடிக்குத் தேவைப்படும் இடத்தில் பாதிகூட இதற்கு வேண்டியதில்லை.

செலவுதான் தடை. ஒலிம்பிக் தரத்து ஏர் ரைபிள் ஜெர்மனியில் இருந்து வருகிறது, விலை லட்சங்களில். விறைப்பான ஜாக்கெட், பேன்ட், ஷூ, கையுறை எல்லாம் தனி. இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்தவர். துப்பாக்கி பிடிக்கக் கற்றதும் வளர்ந்ததும் குஜராத்தில். லண்டனில் வெண்கலம் வாங்கிய ககன் நாரங் சென்னையில் பிறந்தவர், வளர்ந்தது ஹைதராபாத். பாரிஸில் ட்ராப் பிரிவில் சுட்ட பிருத்விராஜ் தொண்டைமான் புதுக்கோட்டை அரச குடும்பம். எல்லாரும் திறமை உள்ளவர்கள்தான். ஆனால் அரசுப் பள்ளியில் படித்து, ஊர்ப் பஸ்ஸில் வந்து போகும் பிள்ளைக்கு இந்த வரிசையில் நிற்க இன்னும் வழி ஏற்படவில்லை.

சேலம் மாவட்டத்துக்காரி நான் இதை முடியாத காரியம் என்று நினைக்க மாட்டேன். பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் கொண்டுவந்தார். சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டுப் பழகி இந்திய அணிக்குள் போனார். அவர்களுக்கு மணலும் மைதானமும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. துப்பாக்கி சுடுதலுக்கும் அந்தக் கைக்கெட்டும் தூரத்தை யாராவது ஏற்படுத்திக் கொடுக்க வேண்டும். தொடக்கத்துக்கு ஜெர்மன் ரைபிள் வேண்டியதில்லை. உள்நாட்டில் செய்த ஏர் ரைபிள் இரண்டு இருந்தால் நிற்கவும் மூச்சு விடவும் விசை அழுத்தவும் கற்றுக்கொடுத்துவிடலாம்.

2 ஆகஸ்ட், சனி

பாயின்ட் டூ டூ. இதில் காற்று இல்லை, மருந்து. காதுக்கு மூடி மாட்டியும் முதல் சத்தம் நெஞ்சுக்குள் இறங்கியது. க்ளப் பெயரில் உரிமம் வாங்கிய துப்பாக்கி. ரேஞ்சை விட்டு நகராது, பயிற்சியாளர் பக்கத்தில் இல்லாமல் யார் கைக்கும் போகாது.

50 மீட்டர், தரையில் குப்புறப் படுத்து. வாரை இடது மேற்கையில் மாட்டி இறுக்கினால் ரைபிள் உடம்போடு ஒன்றாகிவிடுகிறது. குண்டின் எடை இரண்டரை கிராமைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஆனால் தடுக்க எதுவும் இல்லாவிட்டால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகும். அதனால்தான் இலக்குக்குப் பின்னால் அத்தனை உயரத்துக்கு மண்மேடு கட்டியிருக்கிறார்கள். சனிக்கிழமை அடிவாரக் காட்டில் குருவி சுடப் போகிறவர்களை நினைத்துப் பார்த்தேன். அவர்களுக்குப் பின்னால் மண்மேடு இல்லை. மரத்துக்கு அப்பால் யார் வீடு, யார் ஆடு என்ற கணக்கும் இல்லை.

சுட்டு முடித்ததும் குனிந்து காலி கேஸ்களைப் பொறுக்கினோம். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளமான பித்தளைக் குழாய், அடிவிளிம்பில் ஊசி அடித்த சின்னப் பள்ளம், தொட்டால் இன்னும் சூடு. மேசையில் ரெஜிஸ்டர் திறந்திருந்தது: யாருக்கு எத்தனை குண்டு கொடுத்தது, எத்தனை சுட்டது, எத்தனை மீதி, எத்தனை காலி கேஸ் திரும்பியது. வங்கிக் காவலாளியின் கணக்கில் ஒன்று குறைந்தது. அடுத்த அணி படுக்கவே இல்லை. எல்லாரும் தேடினோம். பாயின் மடிப்பில் கிடைத்தது. கையெழுத்துப் போட்ட பிறகுதான் ரேஞ்ச் திரும்பத் திறந்தது. இந்த நாட்டில் துப்பாக்கி இவ்வளவு கெடுபிடியோடு இருப்பது சரி என்று நான் முழு மனதோடு நம்புகிறேன். வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருக்கும் ஊரில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப என்னால் முடியாது.

ராத்திரி பெரியப்பா தன் கவலையைச் சொன்னார். குச்சிக்கிழங்குக் காட்டில் பன்றி புகுந்து பாதியைப் பிரட்டிவிட்டது. "நீதான் சுடக் கத்துக்கிட்டியே" என்றார். முடியாது பெரியப்பா என்றேன். இந்த ஜனவரியில் அரசு போட்ட விதியைச் சொன்னேன்: காப்புக்காட்டு எல்லையில் இருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது, ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவில் பிடித்துக் காட்டில் விட வேண்டும், மூன்றுக்கு அப்பால் வனத்துறைக்காரர்கள் மட்டுமே சுடலாம். நம் தோட்டம் அடிவாரத்தில் இருக்கிறது. இழப்பீட்டுக்கு மனு எழுதித் தருகிறேன் என்றேன். அவருக்கு அது போதவில்லை, நியாயமான கோபம்தான். ஆனாலும் ரேஞ்சில் கற்றதைத் தோட்டத்துக்குக் கொண்டுபோக மாட்டேன். ஊரே இதை நம்பினால்தான் பிள்ளைகளுக்கு ஒரு ரேஞ்ச் கேட்க எனக்கு வாய் இருக்கும்.

3 ஆகஸ்ட், ஞாயிறு. ஆடி 18

கடைசி நாள். மேட்டூர் ஜூன் மாசமே நிரம்பிவிட்டதால் ஆற்றங்கரைக்குக் காலையிலேயே கூட்டம் கிளம்பிவிட்டது. எங்கள் ஊர் வழியாக ஏற்காட்டுக்கும் வண்டி வரிசை. அம்மாவுக்கு நான் வீட்டில் இல்லையே என்று வருத்தம். முளைப்பாரியை அண்ணன் மகள் எடுத்துப் போயிருக்கிறாள்.

25 மீட்டர் பிஸ்டல். முதல் பாதியில் நிதானமாகச் சுடலாம். இரண்டாம் பாதியில் இலக்கு மூன்று நொடிதான் முகம் காட்டும், ஏழு நொடி மறையும். கையை 45 பாகை தாழ்த்திக் காத்திருந்து, காட்டிய கணத்தில் உயர்த்தி ஒன்றே ஒன்று சுட வேண்டும். மூன்று நொடி மிகக் குறைவு என்று முதலில் தோன்றும். கையை உயர்த்தும்போதே விசையின் முதல் இழுவையை எடுத்துவிட்டால் மூன்று நொடி போதும். போலீஸ் தேர்வுக்குப் படிக்கும் பெண் இதில் எல்லாரையும் மிஞ்சினாள். நல்லா வருவ கண்ணு என்று நான் சொன்னதற்கு அவள், "எங்க ஊர்ல பிராக்டிஸ் பண்ண எடமே இல்லீங்க மிஸ்" என்றாள்.

இடைவேளையில் பேச்சு சங்ககிரிக்குப் போனது. 1805-ல் அந்தக் கோட்டையில்தான் தீரன் சின்னமலையைத் தூக்கில் போட்டார்கள். ஆடிப்பெருக்கு அன்று அங்கே மாலை போடுவது வழக்கம். அதற்கு நாலு வருஷம் முன்னால், 1801-ல், மருது சகோதரர்களை அடக்கிய கையோடு கும்பினி தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருக்கத் தடை போட்டது. 1878-ல் வந்த ஆயுதச் சட்டம் இந்தியனுக்கு உரிமம் கட்டாயம் என்றது, ஐரோப்பியனுக்கு விலக்கு கொடுத்தது. 1911-ல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன், துப்பாக்கி பழக பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரிக்கு வ.வே.சு. ஐயரிடம் போக வேண்டியிருந்தது. அந்தச் சட்டம் நம்மை நம்பாத ஆட்சி எழுதியது. இப்போதைய சட்டம் நாமே எழுதிக்கொண்டது. அது விளையாட்டு வீரருக்குத் தனியாக வழி விட்டிருக்கிறது, ரேஞ்சை அனுமதித்திருக்கிறது, ஏர் ரைபிளுக்கு உரிமமே கேட்கவில்லை. திறந்து வைத்த கதவு வழியாக நம் பிள்ளைகள் போகாமல் இருப்பது நம் அலட்சியம் என்று எனக்குப் படுகிறது.

சான்றிதழ் கொடுக்கும்போது பயிற்சியாளரிடம் நேராகவே கேட்டேன்: பள்ளியில் ஆரம்பித்தால் வந்து சொல்லிக்கொடுப்பீர்களா? "மாசத்துக்கு ரெண்டு சனிக்கிழமை வர்றேன் மேடம். ஆனா மொத மாசம் குண்டு கெடையாது. நிக்கறது, மூச்சு, ரூல்ஸ் மட்டும். அதுக்குப் புள்ளைங்க நின்னா போதும்."

4 ஆகஸ்ட், திங்கள்

பள்ளியில் துப்பாக்கி சுடும் பயிற்சி தொடங்க அனுமதி கேட்டு மனு எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிட்டேன். படித்துப் பார்த்தவர், "பெத்தவங்க ஒத்துக்குவாங்களா?" என்றார். நியாயமான கேள்வி. அதற்கும் மனுவிலேயே பதில் இருக்கிறது: முதல் நாள் வகுப்பு பெற்றோருக்கு, விதிகளை அவர்களும் கேட்டு, கூடத்தையும் பூட்டையும் பார்த்து, கையெழுத்துப் போட்ட பிறகுதான் பிள்ளைகளுக்கு.

கேட்டிருப்பது இவ்வளவே: பழைய கட்டிடக் கூடம், சனிக்கிழமை மட்டும். உள்நாட்டு ஏர் ரைபிள் இரண்டு, ஏர் பிஸ்டல் ஒன்று. இலக்கு அட்டை, தகடு, குண்டு சேரும் பெட்டி, கண்ணாடி. துப்பாக்கிக்கு ஓர் இரும்பு அலமாரி, குண்டுக்கு வேறொன்று. சாவி இரண்டும் வெவ்வேறு ஆசிரியரிடம். குண்டுக் கணக்குக்கு ஒரு ரெஜிஸ்டர். பணத்துக்கு முன்னாள் மாணவர்களிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் நானே போகிறேன் என்று எழுதியிருக்கிறேன்.

மத்தியானம் பெரியப்பாவுக்குப் போன் செய்து, பெற்றோர் கூட்டத்தில் நாட்டுத் துப்பாக்கியால் இந்தப் பக்கத்தில் நடந்ததையெல்லாம் நீங்களே வந்து சொல்ல வேண்டும் என்று கேட்டேன். துப்பாக்கி எதற்கு இல்லை என்பதை அவரைவிட நன்றாகச் சொல்ல ஆள் கிடையாது. அதைக் கேட்ட பிறகு பிள்ளைகள் ரைபிளைத் தொட்டால் போதும். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "என்னைக்கின்னு சொல்லு, வர்றேன்" என்றார்.